அப்பாவுக்கு ஆல்பம்... பையனுக்கு கேம்ஸ்... கண்ணுக்கு எந்த மானிட்டர்?

"என்னண்ணே இது? எம் மக முகத்துல கரியை அப்பினாப்ல இருக்கு! நேர்ல பார்த்தீங்கள்ல, பிள்ளை எப்படி இருந்துச்சு?"

கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்த பெண்ணின் அம்மா கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல வாய் வரவில்லை அந்த ஸ்டூடியோக்காரருக்கு. அவருடைய கம்ப்யூட்டரில் அதே படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. அச்சாகி வந்தால் மட்டும் இருட்டு!

மதுரைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது திருமங்கலம். விருதுநகர் போகிற ரோடும், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரோடும் பிரிகிற ஊர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுப்பட்டுக் கிராமத்து விசேஷங்களுக்கு இங்கிருந்து போட்டோக்காரர்கள் போவார்கள். அவர்களில் ஒருவர் நம்ம ஸ்டூடியோ அண்ணன். வயது நாற்பத்தாறு. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால்தான். முகத்தில் பரு எடுப்பது, வெளிச்சம் கூட்டுவது, ஆல்பம் அடுக்குவது என்று வேலை ஓயாது.

அவருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் ஆனால் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். நெற்றிப் பொட்டில் வலி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அவர் எழுந்ததும் அதே நாற்காலியில் வந்து உட்கார்வது பிளஸ் ஒன் படிக்கும் மகன். படிக்க அல்ல, கேம்ஸ் ஆட! கொஞ்ச நாளாக டி.வி.யில் ஓடும் எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான் என்று அம்மா கவனித்துச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் இந்தப் பழைய மானிட்டர்தான் காரணம். புதுசு வாங்கிரலாம்" என்று அப்பாவும் பிள்ளையும் முதல் முறையாக ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. மகனுக்கு 240 ஹெர்ட்ஸ், வளைந்த திரை வேண்டும். அப்பாவுக்குப் பட்டுப்புடவை நிறம் அப்படியே தெரிய வேண்டும். கடைக்காரரோ, "ரெண்டையும் விடுங்க சார். இது கண்ணுக்குப் பாதுகாப்பான மானிட்டர்" என்று மூன்றாவதாக ஒன்றைக் காட்டினார்.

உங்கள் வீட்டிலும் இந்தக் குழப்பம் இருக்கலாம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண் ஏன் எரிகிறது?

முதலில் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் பெட்டி மாதிரி இருந்த பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி வைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? கூச்சத்தைக் குறைக்கவும், 'கதிர்வீச்சைத் தடுக்கவும்' என்று சொல்லி விற்றார்கள். இன்றைய தட்டையான மானிட்டர்கள் வேறு ரகம். அவற்றில் பழைய படக்குழாய் கிடையாது. மானிட்டரைப் பார்ப்பதால் கண் அவிந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

பிறகு எரிச்சல் எதனால்? இமைக்க மறந்துபோவதால்!

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை கண் இமைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் இமை இறங்கும்போது கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கண் முழுக்கப் பூசப்படுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதியாக, சிலருக்கு மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். படலம் உலர்ந்துபோகும். அப்புறம் உறுத்தல், எரிச்சல், மங்கல் எல்லாம் வரிசையாக வரும். திருமங்கலத்து வெயிலுக்கு டேபிள் ஃபேனை நேராக முகத்துக்கு வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஈரத்துணியைக் காற்றில் காயப்போட்ட கதைதான்!

இரண்டாவது காரணம் வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நம்ம அண்ணன் வெள்ளெழுத்துக்கு என்று ஒரு கண்ணாடி வைத்திருந்தார். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று இரண்டு பாகம் உள்ள கண்ணாடி. மானிட்டரோ படிக்கும் தூரத்திலும் இல்லை, தெருவைப் பார்க்கும் தூரத்திலும் இல்லை, நடுவில் இருக்கிறது. அதனால் கண்ணாடியின் கீழ்ப்பாகம் வழியாகப் பார்க்கத் தாடையை மேலே தூக்கிக்கொண்டே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

ஆக, அவருடைய தொல்லையில் பாதிக்கும் மேல் மானிட்டரால் வந்ததே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் பணம்தான் போகும்.

எத்தனை இஞ்ச்? எவ்வளவு தூரம்?

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டுங்கள். விரல் நுனி திரையைத் தொடுகிற மாதிரி இருந்தால் அதுதான் சரியான தூரம். சுமார் 50 முதல் 70 சென்டிமீட்டர். இந்தத் தூரத்தில் 24 இஞ்சிலிருந்து 27 இஞ்ச் வரை வசதியாக இருக்கும். 32 இஞ்ச் வாங்கினால் அகலமே 70 சென்டிமீட்டர் வந்துவிடும். சின்ன மேஜையில் அதை வைத்தால் டென்னிஸ் மேட்ச் பார்ப்பது மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டியதுதான்.

இஞ்ச் மட்டும் போதாது. அந்த இஞ்சுக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று பாருங்கள். திரையில் தெரியும் படம் எல்லாமே கோலம் மாதிரி புள்ளிகளால் ஆனது. 24 இஞ்சில் 1920-க்கு 1080 புள்ளிகள் என்றால் ஓர் இஞ்ச் நீளத்துக்கு சுமார் 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 இஞ்சுக்கு இழுத்துவிட்டால் இஞ்சுக்கு 82 புள்ளிதான். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 27 இஞ்ச் வேண்டும் என்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதை எடுங்கள். இஞ்சுக்கு 109 வரும். எழுத்தும் தெளிவு, படமும் தெளிவு.

"4கே வாங்கிட்டா இன்னும் நல்லாயிருக்குமே?" போட்டோவுக்கு நிச்சயம் நல்லது. ஆனால் 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 திரையைப் போல நாலு மடங்கு. கேம்ஸ் ஆடும்போது அத்தனை புள்ளிக்கும் நொடிக்கு நொடி படம் போட்டுத் தள்ள கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெம்பு வேண்டும். சாதாரண கார்டு வைத்துக்கொண்டு 4கே வாங்குவது, மொபெட்டில் நெல் மூட்டை ஏற்றுகிற கதை. இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒரே மானிட்டர் என்றால் 27 இஞ்ச், 1440 புள்ளி ரகம்தான் நடுநிலை.

மல்லிகைப்பூ டெஸ்ட்!

அடுத்து நிறம். இன்று கடையில் இருக்கும் பேனல்களை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

டி.என்.: விலை குறைவு, வேகம் உண்டு. ஆனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறும். போட்டோ வேலைக்கு வேண்டாம்.

வி.ஏ.: கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் சற்று வெளுக்கும். விலை குறைந்த சில மாடல்களில் இருட்டான காட்சி வேகமாக நகரும்போது பின்னால் நிழல் இழுபடும்.

ஐ.பி.எஸ்.: எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கறுப்பு, வி.ஏ. அளவுக்கு அழுத்தமாக இருக்காது. பட்டுப்புடவை வேலைக்கு இதுதான் கைகொடுக்கும்.

ஓலெட்: கறுப்பும் அருமை, வேகமும் அருமை, விலையும் ஜாஸ்தி. மணிக்கணக்கில் ஒரே பட்டன்கள் ஒரே இடத்தில் நிற்கும் எடிட்டிங் வேலையில், நாளடைவில் அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயம் உண்டு.

பெட்டியில் 'எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவிகிதம்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் ஒரே நிறத்தை ஒரே மாதிரி காட்ட வேண்டும் என்பதற்காக 1996-ல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்த அளவுகோல் இது. பெரும்பாலான கலர் லேப்களும் இந்த அளவில்தான் படத்தை வாங்கி அச்சடிக்கின்றன. சில பெட்டிகளில் 'என்.டி.எஸ்.சி. 72 சதவிகிதம்' என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது கிட்டத்தட்ட இதற்குச் சமம்தான். 45 சதவிகிதம் என்று இருந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தத் திரையில் அரக்குப் புடவை பழுப்பாகத்தான் தெரியும்.

இந்த எழுத்தெல்லாம் புரியவில்லையா? ஒரு சுலபமான வழி. நீங்களே எடுத்த நல்ல கல்யாணப் படம் ஒன்றையும், அதன் நல்ல அச்சுப் பிரதியையும் கடைக்குக் கொண்டு போங்கள். படத்தில் மணப்பெண் தலையில் மதுரை மல்லி இருக்க வேண்டும். திரையில் பாருங்கள். மொட்டு மொட்டாகத் தனித்தனியே பூ தெரிகிறதா, அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அப்பினாற்போல் ஒரே திட்டாக இருக்கிறதா? கறுங்கூந்தலில் முடி இழை தெரிகிறதா, அல்லது மை கொட்டின மாதிரி இருக்கிறதா? மஞ்சள் பூசின முகம் அச்சில் இருப்பது போலவே இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது நல்ல மானிட்டர். எந்த ஸ்டிக்கரும் இந்த டெஸ்ட்டுக்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, நிறத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். மெனுவில் 'எஸ்.ஆர்.ஜி.பி.' அல்லது 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஆல்பம் ஏன் இருட்டடித்தது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

அண்ணனுடைய பழைய மானிட்டரில் பிரைட்னஸ் நூற்றுக்கு நூறு! வாங்கின நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. பல மானிட்டர்கள் அதிகபட்சம் 250 முதல் 350 'நிட்' வரை வெளிச்சம் தரும். ஆனால் அச்சுக்குப் போகிற போட்டோவைத் திருத்த 80 முதல் 120 நிட் போதும். திரை விளக்கு மாதிரி எரிந்தால் இருட்டான படமும் பளிச்சென்றுதான் தெரியும். 'சரியா இருக்கே' என்று வெளிச்சத்தைக் கூட்டாமலே அனுப்பிவிடுவார். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் ஏது? அச்சானதும் உண்மை வெளிவந்துவிடும்!

இதைச் சரிசெய்ய காசு செலவில்லை. அறையில் எப்போதும் போடுகிற டியூப் லைட்டைப் போட்டு, திரை பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தாளும் திரையும் கிட்டத்தட்ட ஒரே வெண்மையாகத் தெரிகிற வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அவ்வளவுதான். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

அண்ணன் அப்படிச் செய்தார். அடுத்த படம் தெளிவாக அச்சாகி வந்தது. கூடவே இன்னொரு லாபம், சாயங்காலக் கண் கூச்சமும் தலைவலியும் குறைந்தது. புது மானிட்டர் வாங்குவதற்கு முன்னாலேயே!

இன்னொரு தவறும் செய்துகொண்டிருந்தார். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் 'ரீடிங் மோடு' எந்நேரமும் போட்டிருந்தார். மஞ்சள் திரையில் பார்த்துவிட்டு, 'மஞ்சள் தூக்கலா இருக்கே' என்று நீலத்தைக் கூட்டினால் மணப்பெண் முகம் நீலம் பாரித்துத்தானே வரும்? கணக்கு எழுதும்போது அந்த மோடு இருக்கட்டும். நிறம் திருத்தும்போது அணைத்துவிடுங்கள்.

தொழிலாகச் செய்கிறவர்களுக்கு, திரையின் மேல் வைத்து நிறத்தை அளந்து சரிசெய்யும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. மாதம் ஒரு தடவைதான் தேவைப்படும் என்பதால், நாலு ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

மகனின் ஹெர்ட்ஸ் கணக்கு

ஹெர்ட்ஸ் என்றால் என்ன? ஒரு நொடியில் திரை எத்தனை தடவை படத்தை மாற்றிப் போடுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படம் சுமார் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9. 240 ஹெர்ட்ஸில் 4.2.

கவனித்தீர்களா? 60-லிருந்து 144-க்குப் போனால் மிச்சம் 10 மில்லி செகண்டுக்குக் கிட்டத்தட்ட. 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3-க்கும் குறைவு. முதல் தாவலில் வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டாவதில் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்குத் தெரியலாம். வீட்டில் ஆடும் பிள்ளைக்கு 144 தாராளம். அதுவும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு அத்தனை படம் போட்டுக் கொடுத்தால்தான்!

வாங்கி வந்ததும் கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 என்று மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் பல கம்ப்யூட்டர்களில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

'ஃப்ரீசிங்க்', 'ஜிசிங்க்' என்று போட்டிருந்தால் நல்லது. கார்டு தருகிற வேகத்துக்குத் திரையும் ஒத்துப்போகும். படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியாது.

'1 மில்லி செகண்ட்' என்ற ஸ்டிக்கரில் மட்டும் கொஞ்சம் உஷார். சில மானிட்டர்களில் இந்த வேகம் கிடைக்க, பின்னாலிருக்கும் விளக்கை நொடிக்குப் பல தடவை அணைத்து அணைத்து ஏற்றுவார்கள். நம் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். தலைவலி வருகிற பிள்ளையாக இருந்தால் அந்த மோடை அணைத்துவிடுங்கள்.

சில மலிவு மானிட்டர்களில் வெளிச்சத்தைக் குறைத்தாலே இந்த மினுக்கல் ஆரம்பிக்கும். சோதிப்பது எப்படி? திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸைப் பாதிக்கும் கீழே குறைத்து, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறி மாதிரி ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் மினுக்கல் இருக்கிறது என்று அர்த்தம். 'ஃபிளிக்கர் ஃப்ரீ' என்று போட்ட மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

மினுக்கும் வெளிச்சத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1997 டிசம்பர் 16-ம் தேதி ஜப்பானில் டி.வி.யில் ஓடிய போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டன. அதைப் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் வலிப்பு, மயக்கம், வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இது மானிட்டரின் கோளாறு அல்ல. படத்தில் இருந்த பளிச்சிடல். கேம்ஸிலும் இப்படிக் காட்சிகள் வரும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், பிள்ளை கேம்ஸ் ஆடுவது பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வளைந்த திரை? கேம்ஸுக்கு ஜோர். ஆனால் ஆல்பத்தில் நேர்க்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அண்ணனுக்குத் தொந்தரவு. இங்கே மகன் விட்டுக்கொடுத்தான்.

நீல வெளிச்சம்... நிஜமா, பூச்சாண்டியா?

கடைக்காரர் காட்டிய 'கண்ணுக்குப் பாதுகாப்பான' மானிட்டரின் ரகசியம் நீல வெளிச்சத்தைக் குறைப்பதுதான். திரையிலிருந்து வரும் நீல வெளிச்சத்தைவிட, வெயிலில் நடக்கும்போது நம் கண்ணில் படுவது எத்தனையோ மடங்கு அதிகம். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றி நடந்த 17 ஆய்வுகளை 2023-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் களைப்பு, சாதாரணக் கண்ணாடியைவிட இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் இதைச் சிபாரிசு செய்வதில்லை. அந்த வசதி இருந்தால் இருக்கட்டும். அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அந்தக் காசை வேறு ஒன்றுக்குக் கொடுங்கள்: ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்டு. இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை; ஆனால் கழுத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இரண்டு பாகக் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் இறக்கி, திரையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்பா உயரம் வேறு, பிள்ளை உயரம் வேறு. ஆள் மாறும்போது திரையும் மாற வேண்டும்.

ஜன்னல் திரைக்கு நேர் எதிரிலும் வேண்டாம், நேர் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். பளபளப்பான திரையைவிட மங்கல் பூச்சுள்ள மேட் திரை நல்லது. ஃபேன் காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள். இருட்டறையில் திரையை மட்டும் எரியவிட்டு உட்காராதீர்கள்.

அப்புறம் அந்த மூன்று இருபது! 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பார்க்க வேண்டும். தெருவில் போகிற பஸ்ஸைப் பாருங்கள், எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பாருங்கள். கூடவே நாலு தடவை கண்ணை முழுசாக மூடித் திறங்கள். மானிட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இமைப்பது நாம்தானே!

பையன் கண்ணில் என்ன?

இந்தக் கதையில் முக்கியமான கட்டம் இதுதான். மானிட்டருக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் முதல் செலவு கண் பரிசோதனையாக இருக்கட்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பரிசோதித்துப் பார்த்தால் மகனுக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப் பார்வை. தூரத்தில் இருப்பது மங்கல். வகுப்பில் போர்டில் எழுதுவது சரியாகத் தெரியாமலே பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "கண்ணாடி போடச் சொல்வீங்கன்னுதாம்ப்பா..." என்று தலையைக் குனிந்துகொண்டான்.

240 ஹெர்ட்ஸ் அல்ல, ஆயிரம் ஹெர்ட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தாலும் போர்டு தெரிந்திருக்காது!

கிட்டப் பார்வை வருவதற்குப் பரம்பரை ஒரு காரணம். வெட்டவெளியில் விளையாடாமல், எப்போதும் கிட்டத்தில் இருப்பதையே பார்ப்பது இன்னொரு காரணம். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து, வெளியே விடப்பட்டவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்குக் கிட்டப் பார்வை வந்திருந்தது. வழக்கம் போல இருந்தவர்களில் சுமார் 40 சதவிகிதம். 2015-ல் வெளியான முடிவு இது. வேறு மருந்தில்லை, மாத்திரையில்லை. பகல் வெளிச்சம்தான் வித்தியாசம். எனவே சின்னப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியில் ஓடவிடுங்கள்.

பரிசோதனைக்கு மதுரைப் பக்கத்து ஆட்கள் அலைய வேண்டியதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று உலகம் முழுவதிலுமிருந்து டாக்டர்கள் வந்து கற்றுப் போகிறார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணின் அழுத்தத்தையும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கண் எரிகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து போட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், புரையும் விழும். திடீரென்று பார்வை மங்குவது, கண் முன்னால் மின்னல் அடிப்பது, கறுப்புப் புள்ளிகள் திடீரென மிதப்பது, சிவந்து வலிப்பது... இதெல்லாம் மானிட்டர் கோளாறு அல்ல. உடனே டாக்டரிடம் போங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கடையில் எடிட்டிங் பார்க்கும் தம்பி, பச்சையையும் பழுப்பையும் மாற்றிச் சொல்கிறான். மானிட்டர் கோளாறா?

அவருக்கு நிறக்குருடு இருக்கலாம். பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா டெஸ்ட்டில் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்தால் வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. ஆல்பம் அடுக்கும் வேலையைக் கொடுங்கள். நிறம் திருத்துவதை வேறொருவர் பார்க்கட்டும்.

டி.வி.யையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?

தூரத்தில் உட்கார்ந்து கேம்ஸ் ஆடலாம். மேஜையில் வைத்துப் போட்டோ திருத்த ஒத்துவராது. பெரிய திரை கிட்டத்தில் இருந்தால் புள்ளி தெரியும், கழுத்தும் வலிக்கும்.

ராத்திரி வெகுநேரம் கேம்ஸ் ஆடுகிறான். என்ன செய்வது?

படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் ஆடுவதை 'கேமிங் டிஸார்டர்' என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த நிலை என்றால் திட்டுவதை விட்டுவிட்டு மனநல டாக்டரைப் பாருங்கள். அந்த அளவுக்குப் போகாத பிள்ளைக்கு நேரம் பேசி முடிவு செய்யுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரை அணைந்துவிட வேண்டும்.

கடைசியில் என்ன வாங்கினார்கள்?

27 இஞ்ச், 1440 புள்ளி, ஐ.பி.எஸ்., 144 ஹெர்ட்ஸ், எஸ்.ஆர்.ஜி.பி. நூறு சதவிகிதம், ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு, மினுக்கல் இல்லாதது. 240 ஹெர்ட்ஸ் வாங்காததில் மிச்சமான பணம், மகனுக்கு ஒரு கண்ணாடியாகவும் அப்பாவுக்குத் திரை தூரத்துக்கென்றே தனியாக ஒரு கண்ணாடியாகவும் ஆனது. அண்ணன் இப்போது தாடையைத் தூக்குவதில்லை.

அந்தக் கல்யாண ஆல்பத்தைத் தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். பெண்ணின் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"பூவு மொட்டு மொட்டாத் தெரியுதுண்ணே. இது எங்க வீட்ல நான் கட்டுன பூவு!"

திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் புதுக் கண்ணாடியோடு நின்றிருந்தான் மகன். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை, யாரையும் கேட்காமல், தானே படித்துக்கொண்டிருந்தான்.